அடுப்பங்கரைக்கு ஒரு ஏசி

முகப்பேர் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் இரண்டாம் மாடி வீட்டு அடுப்பங்கரையில், கேஸ் அடுப்பு இருக்க வேண்டிய மேடைமேல் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் முன்னால் ஆக்னஸ் வியர்த்து வழிய உட்கார்ந்து, ஊரார் பிள்ளைகளுக்குக் கல்யாணப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்தான். சுவரில் ஒட்டிய பஞ்சாங்க அட்டவணையைப் பார்த்துப் பார்த்து ரஜ்ஜுப் பொருத்தம், நாடிப் பொருத்தம் எல்லாம் மனப்பாடமாகிவிட்டது.

ஊரெல்லாம் டாட்காம் பைத்தியம் பிடித்து அலைந்த இரண்டாயிரமாவது வருஷம் அது. பேங்க் வேலையை உதறிவிட்டு ராகவன் தொடங்கிய வெப்சைட்டில், நட்சத்திரங்களைக் கொடுத்தால் கம்ப்யூட்டரே பொருத்தம் பார்த்துச் சொல்லும் என்று போட்டிருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் ஆக்னஸ்தான். ஒரு டேபிள் ஃபேன் கேட்டுக் கேட்டு அவள் ஓய்ந்துபோயிருந்தாள். முதலீடு வரட்டும் என்பார் ராகவன்.

முதலீடு அன்றைக்கு வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் நட்டு செய்து காசு பார்த்த கஜபதி, கையில் பூஜை சாமானோடு ஹாலில் வந்து உட்கார்ந்தார். அதற்குள் ராகவன் அடுப்பங்கரைக் கதவை வெளியே தாழ் போட்டுவிட்டார். இருமக்கூடாது, தும்மக்கூடாது, கேட்டதற்குப் பதில் தட்டினால் போதும், நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக ஆக்னஸ் மூச்சைக்கூட அடக்கத் தயார். ஆவடி டாங்க் ஃபேக்டரியில் அப்பா ரிட்டயர்டு ஆகிவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அவள் சம்பளத்தை நம்பித்தான் பட்டாபிராமில் வாடகை வீடு பேசியிருந்தார்கள்.

ஹாலில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டரில் கஜபதி ஒற்றை விரலால் தட்டியது இவள் திரையில் வந்து விழுந்தது. ஆண் அனுஷம், பெண் பூசம். ஆக்னஸ் அட்டவணையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரஜ்ஜு இல்லை, சேர்க்கக்கூடாது என்று அனுப்பினாள்.

கஜபதி சிரித்த சிரிப்பில் கதவு அதிர்ந்தது.

"நானும் என் ஊட்டுக்காரியும் சார் அது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்கு மட்டும் தெரிஞ்ச விசயம். இந்த மிசினுக்கு எப்டி தெரிஞ்சுது?"

உள்ளே இருக்கும் மெஷினைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அவர் எழுந்துவர, திறந்தால் தூசி உள்ளே போய்விடும் என்று ராகவன் குறுக்கே நின்றார். போகட்டும் என்று கஜபதி மூடிய கதவுக்கே சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். புகை கதவிடுக்கில் நுழைந்து உள்ளே வந்தது. ஆக்னஸ் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தும்மல் வரக்கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டாள்.

"கதவாண்டயே இப்டி அனலடிக்குதே சார், மிசினு இன்னாத்துக்கு ஆவும்? நானே ஒரு ஏசி வாங்கித் தரேன். சரி, இத்தப் பாத்துக்க எத்தினி பேரு?"

"ஆளே வேண்டாம் சார்" என்றார் ராகவன் பெருமையாக.

"அப்போ துட்டு போடறேன். ஆளுன்னு வெச்சா லீவு கேப்பான், ஃபேனு கேப்பான்."

மறுவாரம் ராகவன் புரோகிராம் எழுதத் தெரிந்த ஒருவரை அழைத்துவந்து உட்காரவைத்து, பொருத்தக் கணக்கு முழுவதையும் அவருக்குச் சொல்லித்தரும்படி ஆக்னஸிடம் சொன்னார். நிரந்தரமாக்கத்தான் இந்த ஏற்பாடெல்லாம் என்று நினைத்து அவளும் ஒன்று விடாமல் சொன்னாள். புரோகிராம் ஓடத் தொடங்கியதும் ராகவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கஜபதி சார் எப்ப வேணா வந்து நிப்பார்மா. ஆளே இல்லன்னு சொல்லியாச்சு."

ஆக்னஸுக்குப் பட்டாபிராம் வீட்டைப் பற்றி அப்பாவிடம் என்ன சொல்வது என்றுதான் முதலில் தோன்றியது. டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். பாதிப் படியில், ஏசியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் மூச்சிரைக்க ஏறிவந்தார்கள். அவள் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள். எந்த ரூமில் மாட்ட வேண்டும் தெரியுமா என்று முன்னால் வந்தவர் கேட்டார்.

"அடுப்பங்கரையிலண்ணா. மேடையாண்ட காத்து வர்ற மாதிரி மாட்டுங்க. அங்கதான் வேர்த்துக் கொட்டும்."