தொடையின் சுற்றளவு

கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்பீல்ட்ஸில் உடலியல் மாலை வகுப்புக்குப் போய்வரும் உஷாராணிக்கு, எதையும் பாதிதான் புரிந்துகொள்கிறோமோ என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. அதனால் அளந்து பார்ப்பாள். இடுப்பெலும்பு முறிந்து, அறுவை முடிந்து படுத்திருக்கும் அப்பா தம்புசாமியின் வலது தொடையை, முழங்காலுக்கு மேல் ஒரு சாண் தள்ளி, ஞாயிறுதோறும் தையல் டேப்பால் அளந்தாள்.

குடோனில் அரிசி மூட்டை சுமந்த தொடை. வருடம் தவறாமல் பத்துமலைக்குக் காவடியோடு ஏறிய தொடை. இப்போது தோல் தொங்கியது.

தசைநார் தடிக்கும்போது அதற்குள் புதிய உட்கருக்கள் வந்து சேரும், பெரிய நாருக்கு நிறைய வேண்டும் என்றார் ஆசிரியை. நார் மெலிந்தாலும் அவை தங்கிவிடலாம். பழைய உழைப்பாளிக்குச் சதை சீக்கிரம் திரும்புவது அதனாலாக இருக்கலாம். முதுமையிலும் அப்படியா என்பது முடிவாகவில்லை என்றும் சொன்னார். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் உஷாராணி வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

"மூட்டை தூக்கினப்ப சேர்ந்ததெல்லாம் உள்ளதான் இருக்குப்பா."

"மொதலாளிகூட இப்படி போனஸ் குடுத்ததில்ல லா!"

போன ஞாயிறு டேப் சற்றுக் கூடக் காட்டியது. மறுபடி அளந்தாள். கூடித்தான் இருந்தது. அப்பா உடனே கூட்டாளி ஜெயராஜுக்குப் போன் போட்டார்: "என் காவடிய தொடச்சு வை. தைப்பூசத்துக்கு வரேன்."

இன்று பிசியோ குகன் வந்தார். அவள் அளவைச் சொல்லச் சொல்ல, கட்டைவிரலால் தொடையை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது.

"இது சதை இல்லம்மா, நீர் வீக்கம். ரத்தம் கட்டியிருந்தாலும் இப்படி வரும். இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

அவர் வண்டி பிடிக்க வெளியே போனார். அப்பா குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள இருக்குன்னியே?"

"வயசானவங்களுக்கும் இருக்குமான்னு சரியா தெரியலையாம்ப்பா. டீச்சர் அதையும் சொன்னாங்க. நான்தான் சொல்லல."

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. டேப்பைச் சுருட்டினாள்.

"பால்குடமாச்சும்?"

"அதுக்கும் மொதல்ல நிக்கணும்ப்பா."

அப்பா போனுக்குக் கை நீட்டினார். எடுத்துக் கொடுத்தாள்.

"ஜெயராஜு, தொடச்சிட்டியா? பரவால்ல. துணி போட்டு மூடி வை."

உஷாராணி ஆஸ்பத்திரியில் காட்ட அப்பாவின் அடையாள அட்டையைத் தேடப் போனாள்.