மீன் அறுக்க வந்த பொண்ணு

என் குடும்பத்துப் பெண்கள் யாரும் கூலிக்கு மீன் அறுத்ததில்லை. திருவொற்றியூர் குப்பத்தில் இரண்டு விசைப்படகு வைத்திருக்கும் தேசப்பன் நான்.

பேத்தி கீர்த்திக்குப் பதினாறு வயது. பையில் போதை மாத்திரை இருந்ததென்று பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு வீட்டில் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை, சுவரையே வெறித்துக்கொண்டிருப்பாள். அவளைப் பார்த்த டாக்டரம்மா சொல்லி, அத்திப்பட்டுப் பக்கம் அடிபட்ட பறவைகளை வைத்துப் பார்க்கும் இடத்துக்குப் போனாள். கழிமுகத்தில் கொட்டிய எண்ணெயில் சிக்கிய கூழைக்கடா ஒன்றைக் கழுவி, அதற்கு மீன் ஊட்டி, மெல்ல மெல்லத் தானும் சாப்பிட ஆரம்பித்தாள்.

"தாத்தா, இன்னிக்கு றெக்கைய விரிச்சுச்சு," என்று ஒருநாள் அவளே வந்து சொன்னாள்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வலையில் திருடித் தின்னும் பறவைக்கு என் வீட்டுப் பெண் ஊட்டுகிறாள் என்றால் குப்பத்தில் சிரிக்கமாட்டார்களா?

மூத்த பேத்தி மதியைப் பெண் பார்க்கக் காசிமேட்டிலிருந்து வந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கீர்த்தி உள்ளே வந்தாள். கையெல்லாம் கீறல், சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. மாப்பிள்ளையின் அத்தை பூவம்மா மூக்கைச் சுளித்தாள்.

"யாருங்க இது, இம்மாங் கலீஜா கீது?"

"மீன் அறுக்க வர்ற பொண்ணு," என்றேன்.

"நல்லதாப் போச்சு. விருந்துக்கு வச்சிருக்கிற அந்த வஞ்சிரத்த அறுக்கச் சொல்லுங்க. துண்டு பெருசா போடும்மா, இல்லாட்டி எங்கூட்டுக்காரரு பேஜாரு பண்ணுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கீர்த்தி அருவாமனையை எடுத்துவந்து உட்கார்ந்தாள். பழைய வெறித்த பார்வை அவள் முகத்தில் திரும்பியிருந்தது.

"கை நல்லா ஓடுதே! எங்க தெருவுக்கும் வர்றியா?" என்றாள் பூவம்மா.

கீர்த்தி கை கழுவிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அறுத்தாச்சுங்க ஐயா. நான் கெளம்பட்டுங்களா?"

அவளைப் பெற்ற என் மருமகள் செங்கொடி அடுக்களைக் கதவைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"இவ என் பேத்தி. மதியோட தங்கச்சி."

பூவம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சொந்தப் பேத்தியவே வேலைக்காரின்றீங்களே பெரியவரே. நாளைக்கு எங்கள இன்னான்னு சொல்லுவீங்க?"

போய்விட்டார்கள். கீர்த்தி வாசலில் செருப்பை மாட்டினாள்.

"எங்கம்மா கெளம்பிட்ட?" என்றேன்.

"கூழைக்கடாவுக்கு சாயங்கால மீனு குடுக்கணும்."

"நானும் வரட்டுமா?"

கொஞ்சம் யோசித்தாள்.

"வாணாம் தாத்தா. தெரியாத ஆளப் பாத்தா அது மிரளும்."

அவள் தெருமுனை திரும்பும் வரை என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.