வெட்டிப்போட்ட வேலிக்காத்தான்

எண்பத்தேழுல இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் மரத்தை வெட்டிப்போட்டு ரோட்டை மறிச்சாங்களே, அந்த வாரம் நடந்தது இது. கள்ளக்குறிச்சியில தங்கதுரை முதலாளியோட நெல்லு மில்லு. களத்துல அவிச்ச நெல்லைக் காயவைக்க பதினேழு பொம்பளைங்க. ஊர்த்தெருப் பூமாலை ஒரு மூலையில சோறு தின்பாள், கருணாபுரம் காலனி ஜெயம்மாள் ஒரு மூலையில, கல்வராயன் மலையிலேர்ந்து இறங்கிவந்த பாப்பாத்தி ஒரு மூலையில. தண்ணிப்பானையும் தனித்தனி. எல்லாருக்கும் பொதுவா இருந்தது மில்லுக்குப் பின்னால இருந்த வேலிக்காத்தான் புதர்தான். ஒதுங்க வேற மறைவு கிடையாது கண்ணுங்களா.

அன்னிக்குக் காலையில ஒதுங்கப்போன பூமாலை போன வேகத்துல திரும்பினாள். புதரைக் காணோம். எதிரே ரோட்டோரம் பஸ் ஓடாததால வேலைக்குப் போகாத ஆம்பளைங்க குந்தி சீட்டாடிக்கினு இருந்தாங்க.

"எந்தக் கட்டையில போறவன்டி வெட்டினான்?"

"ஒங்க வூட்டுக்காரருதான்," என்றாள் ஜெயம்மாள். "விடியக்காத்தால வண்டியில இழுத்துக்கினு போனாரு, மறியலுக்கு."

பூமாலை வாயைப் பொத்திக்கினாள். காலையில அவள்தானே புருஷன் பொன்னுரங்கம் கையிலேர்ந்து ஏழு முள்ளை ஊக்கால எடுத்து, "நீ வீரன்யா"ன்னு விளக்கெண்ணெய் தடவினாள்!

மூணு பேரும் முதலாளிகிட்ட போய் கக்கூஸ் கேட்டாங்க. அவர் சிரிச்சார். "ஒரே தொட்டியில தண்ணி மொள்ளுவீங்களா நீங்க? மொதல்ல உங்களுக்குள்ள பேசி முடிங்க."

குடிச்சா வந்துடுமேன்னு அன்னிக்கு ஒருத்தியும் சொட்டுத் தண்ணி குடிக்கலை. மூணு மணிக்கு மலையைப் பார்த்த பாப்பாத்தி, "அரை மணியில மழை"ன்னாள். நனைஞ்சா அத்தனை நெல்லும் நாறிப்போகும். பூமாலை நெல்லு தள்ளுற பலகையைக் கீழே போட்டாள். நேரா போய் ஜெயம்மாள் பக்கத்துல குந்தினாள். மத்தவங்களும் வந்து குந்தினாங்க. மில்லுப் பொம்பளைங்க சங்கம் அப்படித்தான் ஆரம்பிச்சது.

"நெல்லு நனையப்போவுது, அள்ளுங்கடி!" முதலாளி ஓடிவந்தார்.

"காலையிலேர்ந்து நாங்க தாங்கிக்கினு கெடக்கோம். ஒங்க நெல்லு கொஞ்சம் தாங்காதா?" என்றாள் பூமாலை.

"நாளைக்கே கட்டறேன்!"

"நாளைக்கு வரைக்கும் இன்னா பண்றது?" என்றாள் ஜெயம்மாள்.

முதல் தூறல் விழுந்தது. முதலாளி அரைஞாண்லேர்ந்து ஆபீஸ் கக்கூஸ் சாவியை அவுத்து நீட்டினார்.

வாங்கின பூமாலையோட கால் தானா முன்னால போச்சு. திரும்பிப் பார்த்தாள். ஜெயம்மாள் காலைப் பின்னிக்கினு, கண்ணுல தண்ணியோட நின்னாள். "முட்டறவ மொதல்ல போ!"ன்னு பூமாலை சாவியை அவள் கையில திணிச்சாள்.

ஒருத்தி மாத்தி ஒருத்தி சாவியோட போய்வர, மீதிப் பதினாறு பேர் அள்ள, மழை வலுக்குறதுக்குள்ள நெல்லு உள்ளே போச்சு.

சாயங்காலம் பொன்னுரங்கம் கையை நீட்டினான். "இன்னும் ரெண்டு முள்ளு இருக்குது. ஊக்கு எங்கடி?"

பூமாலை முந்தானையைத் தூக்கிக் காட்டினாள். அதுல ஊக்கு, ஊக்குல சாவி.

"இது சங்கத்து ஊக்கு. நீ பல்லால எடுத்துக்கோ."