தண்ணீரின் எடை

"வீட்டுச் சண்டையெல்லாம் குப்பிக்குள்ள ஊத்தாதீங்கம்மா" என்றார் மேனேஜர். பக்கத்தில் நின்ற அவள் புருஷன் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விளக்கெண்ணெய் ஆலையின் சோதனைக்கூடத்தில் இருவருக்கும் வேலை. அவன் சீனியர். சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரை நிரப்பி நிறுப்பது அவன் பாடு. அதே குப்பியில் எண்ணெயை நிரப்பி நிறுப்பது அவள் பாடு. வெறும் குப்பியின் எடையைக் கழித்துவிட்டு, எண்ணெயின் எடையைத் தண்ணீரின் எடையால் வகுத்தால், தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி வந்துவிடும். இந்த வாரம் வந்த எண்ணெய் எல்லாமே கணக்கில் கூடுதல் அடர்த்தி காட்டியது. கலப்படம் என்று பீப்பாய்களை ஓரங்கட்டினார்கள். வெளியே அனுப்பிச் சோதித்தால் சுத்தமான எண்ணெய் என்று பதில் வந்தது. அப்படியென்றால் தப்பு அவள் கையில்தானாம். திங்கட்கிழமை முதல் அவள் பேக்கிங்குக்குப் போகவேண்டும்.

மேனேஜர் போனதும் அவள் எண்ணெயை மறுபடி நிரப்பினாள். மூடியின் துளை வழியே கசிந்ததைத் துடைத்து நிறுத்தாள். அதே எடை. கொட்டிக் கழுவி, உலர்த்தி, திரும்பவும் நிறுத்தாள். அதே எடைதான். தடுமாறுகிற கை ஒவ்வொரு முறையும் ஒரே அளவிலா தடுமாறும்?

ஜாடியில் நேற்றிலிருந்து ஆறிக் கிடந்த தண்ணீரை எடுத்து நிறுத்துப் பார்த்தாள். அவன் சொன்ன எடையைவிடக் கூடுதலாக இருந்தது.

முன்பெல்லாம் கேனில் வாங்கிய தண்ணீர். காய்ச்சி வடிக்கும் கருவி இந்த வாரம்தான் வந்தது. சூடு ஆறுவதற்குள் அதன் குழாயில் பிடித்து நிறுத்திருக்கிறான். சூட்டில் விரிந்த தண்ணீர் குப்பியில் எடை குறைவாகத்தான் நிற்கும். அந்தக் குறைந்த எடையால் வகுத்தால் எந்த எண்ணெயும் கூடுதல் அடர்த்திதான் காட்டும். காபி ஆறுவதற்கு மட்டும் அவனிடம் பொறுமை உண்டு.

வாரம் முழுக்க அவள் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். வீட்டில் சீனி போடும்போதுகூடக் கை தயங்கியது. அவன் தண்ணீரைச் சந்தேகப்பட ஒருமுறையாவது தோன்றியதா? அதுதான் அவளை அதிகம் சுட்டது. அவன் சரி என்று வைத்துக்கொண்டே தன் சரியையும் தப்பையும் அளந்து பழகியிருக்கிறாள்.

"தண்ணிய சூடாவா பிடிச்சீங்க?"

"வெதுவெதுன்னு இருந்துச்சு. அதுக்கென்ன?" தராசின் கண்ணாடிக் கதவைத் தேவையில்லாமல் திறந்து மூடினான். "சரி விடு. இனிமே ஆறவெச்சே நிறுத்துக்கறேன். எல்லாம் தானா சரியாயிடும்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"நேத்து சாயங்காலம்." குரல் இறங்கியது. "கத்தாத. பேக்கிங்ல உனக்குத் தலைவலி கம்மி. நான் இங்க பேர் கெட்டு நிக்கணுமா, சொல்லு."

அவள் நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். அவன் பின்னாலேயே வந்தான்.

"சார், தண்ணிய ஆறவைக்காம நிறுத்தது இவர். தெரிஞ்சும் வாயைத் திறக்காததும் இவர்தான்."

மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஆனது ஆச்சும்மா. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

"வீட்டுல பேசிக்கலாம், வா" என்று அவன் அவள் முழங்கையைத் தொட்டான்.

அவள் கையை உதறினாள். "வீட்டுல எதுக்கு? இங்கயே சொல்லுங்க. பேக்கிங்குக்கு யார் போகணும்?"

மேனேஜர் பேனாவை வைத்துவிட்டு, அவளை விட்டு, பதில் கேட்பதுபோல் அவனைப் பார்த்தார்.