ஜோடிக் கத்தி

2005 ஆடி மாதம் முதல் வெள்ளியன்று கொளஞ்சியம்மாள் நறுக்கிய கத்திரிக்காயில் சரிபாதி பலகையிலிருந்து காணாமல் போனது. மறுநாள் வெங்காயத்திலும் பாதி போனது. அந்த வாரம் மரக்காணத்தில் உப்பு விலையும் இறங்கியிருந்ததால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கத்தி வாங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. முட்டிவலியில் அருவாமனை முன்னால் குந்த முடியாமல் போனபோது, நின்றபடி நறுக்க ஜப்பான் கத்திதான் தோது என்று, உப்பு லோடு மேஸ்திரியான அவள் புருஷன் தேசப்பன் பெரிய முதலியார்சாவடிக்குக் கூட்டிப்போனான். ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன சாமான்களை விற்கும் கடை அது. கத்தியை அவளேதான் பொறுக்கினாள். கூர் அதிகமென்று கடைக்காரர் காட்டிய கார்பன் இரும்புக் கத்தியைத் தள்ளிவைத்தாள். ஜன்னல் கம்பியே உதிர்கிற உப்புக்காற்றில் அது ஒரு மாசம் தாங்காது. துருப்பிடிக்காத இரும்பில், ஒரு சாண் நீளத்தில், தக்காளித் தோலில் வைத்ததும் இறங்கிய கத்தி பிடித்துப்போயிற்று. எழுநூறு ரூபாய் என்றதும் மலைத்துப்போய் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றாள். தேசப்பன் உள்ளே பேசி நானூற்றைம்பதுக்கு முடித்துக்கொண்டு வந்தான். கைக்குக் கை கொடுத்தால் பகை வருமென்று, கத்தியைக் கல்மேல் வைத்து அவளை எடுத்துக்கொள்ளச் சொன்னான். இப்படியொரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

பாதி போவது எலி வேலை என்றான் தேசப்பன். எந்த ஊர் எலி எண்ணிப் பார்த்துச் சரிபாதி எடுக்கும்? ஆவணியில் போனதற்கு ஈடாக வரவும் தொடங்கியது. அவள் வாங்காத முருங்கைக்காய் வந்தது. தேசப்பன் லோடோடு வெளியூர் தங்குகிற புதனிலும் ஞாயிறிலும் வஞ்சிரத் துண்டு வந்தது. மெல்லிசாக அறுக்கச் சொல்லி அவளிடம் அவன் சண்டை போடுகிற அதே பருமன். கத்தியில்தான் ஏதோ கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினாள்.

கடைக்காரர் சிரித்தார். "ஜோடிக் கத்தின்னா அப்பிடித்தாம்மா. ஒண்ணுல அறுத்தா இன்னொண்ணுக்குப் பங்கு போவும். ரெண்டா எடுத்தா தொள்ளாயிரம்னேன், எடுத்துக்கிட்டாரு. ஒண்ணு அக்காவுக்கு, ஒண்ணு பின்தெருவுல இருக்கிற பொஞ்சாதி அம்சவல்லிக்குன்னாரு. நீங்கதானே அந்த அக்கா?"

"ஆமாங்க," என்றாள் கொளஞ்சியம்மாள்.

பின்தெருவுக்கு அவள் போகவில்லை. இருபது வருஷம் சோறு போட்டவளை ஒரே வார்த்தையில் அக்காவாக்கிவிட்டானே என்று மரக்காணம் வந்து சேரும்வரை பொருமிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் தாலிக்கயிற்றைக் கழற்றிப் பலகையில் வைத்து நறுக்கினாள். பாதி போயிற்று.

மறுநாள் காலை பலகையில் வேறொரு தாலிக்கயிற்றின் பாதி கிடந்தது. மஞ்சள் மங்காத புதுக்கயிறு. அந்தப் பெண்ணிடமும் அவன் எதையும் சொல்லியிருக்கவில்லை. கொளஞ்சியம்மாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, தன் கயிற்றுக்கு அழாத அழுகையை அழுதாள்.

2006 பொங்கலிலிருந்து அவள் காய் வாங்கும்போது இன்னொரு வீட்டுக்கும் சேர்த்தே வாங்குகிறாள். புதனும் ஞாயிறும் மீன் தவறாமல் வருகிறது, இப்போது கனமான துண்டாக. தேசப்பன் பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில் சாப்பிடுகிறான்.