பிரசவ அறையைத் திறந்தது யார்

பெயின்ட் கடைக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சிபாரிசு' என்றுதான் சொல்வார்கள். அவருக்கும் அதில் வருத்தமில்லை. சுகாதார நிலையத்தில் மருத்துவர் இருந்தால் மருந்து இருக்காது, மருந்து இருந்தால் மருத்துவர் இருக்கமாட்டார். ஆகவே யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் முதலில் இவர் கடைக்குத்தான் வருவார்கள். கையில் ஒட்டிய பெயின்ட்டைத் துணியில் துடைத்துக்கொண்டே தெரிந்த ஆளுக்கு ஒரு போன் போடுவார். காரியம் நடந்துவிடும். "நீங்க மட்டும் இல்லேன்னா..." என்று அவர்கள் இழுக்கும்போது, "அட, போங்க போங்க" என்று கையை ஆட்டுவார். அந்த அரை வாக்கியத்தைக் கேட்கத்தான் அவர் கடையே வைத்திருக்கிறார் என்று அவர் மனைவி கிண்டல் செய்வாள்.

அந்தச் சமயத்தில் அரசாங்கம் புதிதாக ஓர் ஏற்பாடு கொண்டுவந்தது. சுகாதார அதிகாரிகள் பொதுமக்கள் முன்னால் வந்து உட்கார்ந்து, கேட்கிற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லவேண்டும். முதல் கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. சிபாரிசு இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். அதிகாரியை வரவேற்று நாலு நல்ல வார்த்தை பேச ஒத்திகையெல்லாம் பார்த்திருந்தார்.

அவர் எழுந்திருக்கும் முன்பே பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால் தம்பி மனைவி. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். இவர் எதிரில் தையல் மிஷின் சத்தத்துக்கு மேல் குரல் உயர்த்தாதவள்.

"பிரசவ ரூம் பூட்டியே கெடக்குதே சார், அதுக்கு யாரு பொறுப்பு?"

"ஆள் பற்றாக்குறைம்மா" என்றார் அதிகாரி.

"அது காரணம் சார். நான் கேட்டது பொறுப்பு யாருன்னு."

மண்டபமே கைதட்டியது. சிபாரிசும் தட்டினார், கொஞ்சம் தாமதமாக.

வீட்டுக்கு வந்தால் மனைவியும் அதே பாட்டு. "என்னமா கேட்டா பாத்தீங்களா!"

"ஆமா, பெரிய வக்கீலு."

மறுநாளிலிருந்து கடையில் ஈ ஓட்டினார். ஒரு நாள் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். சிபாரிசு முகம் மலர்ந்து போனைக் கையில் எடுத்தார். "உங்க தம்பி வீடு எதுங்க?" என்று கேட்டாள் அவள். கையைக் காட்டிவிட்டு, திறந்த டப்பாவை இன்னொரு தடவை திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொறுக்க முடியாமல் அதிகாரியின் அலுவலகத்துக்கே போய்விட்டார். அதிகாரி நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார்.

"நாலு பேர் முன்னால மானத்த வாங்காம, உங்கள மாதிரி பெரியவங்க தனியா வந்து சொன்னா செய்ய மாட்டோமா?"

சிபாரிசுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அறையைத் திறந்துவிடலாம், ரிப்பனை நீங்களே வெட்டுங்கள் என்றார் அதிகாரி. பதிலுக்கு ஒன்றே ஒன்று: அடுத்த கூட்டத்தில் எழுந்து, 'எங்களுக்குக் குறை எதுவும் இல்லை' என்று சொல்லவேண்டும். இவர் யோசிக்காமல் தலையாட்டினார்.

திறப்பு விழா ஜோராக நடந்தது. புதுக் கட்டில்கள், பெரிய விளக்கு, வெள்ளை உடையில் ஒரு நர்ஸ். சிபாரிசு ரிப்பன் வெட்டினார், ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள். தம்பி மனைவி மட்டும் நர்ஸ் பக்கத்தில் போய், "நீங்க இனிமே இங்கயேதானாக்கா?" என்று கேட்டாள். நர்ஸ் அதிகாரியின் முகத்தைப் பார்த்தாள். சிபாரிசு அதைக் கவனித்தார். கவனிக்காத மாதிரி சிரித்தார். "உனக்கு எதுலயும் குறைதாம்மா."

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு வேன் வந்து கட்டில்களையும் விளக்கையும் ஏற்றிக்கொண்டு போனது. நர்ஸ் தன் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டாள். அது தெரியாமல் அதே தெருக் கொத்தனார் ஒருவர் தன் மனைவியைப் பிரசவ வலியோடு அங்கே அழைத்துக்கொண்டு போனார். கதவில் பூட்டு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஆட்டோவிலேயே குழந்தை பிறந்தது. தாய்க்கு ஆபத்தில்லை. குழந்தைதான் மூச்சுவிடத் திணறி, பல நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து பிழைத்தது.

கொத்தனார் கடைக்கு வந்தபோது சத்தம் போடுவார் என்றே சிபாரிசு நினைத்தார். அவர் சத்தம் போடவில்லை.

"நீங்க தெறந்து வெச்சீங்களேன்னு நம்பித்தாண்ணே அங்க போனோம்."

அவ்வளவுதான். போய்விட்டார். சிபாரிசு பட்டப்பகலில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் எழுந்து போகவில்லை.

சாயங்காலம் தம்பி மனைவி ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தாள்.

"மாமா, அதிகாரி உங்ககிட்ட என்ன பேசி அந்த ரூமத் தெறந்தாரு?"

"ஒனக்கு எதுக்கு அது?"

"கூட்டத்துல கேக்கணும். உங்களுக்குப் பேச சங்கடமா இருந்தா விஷயத்த மட்டும் சொல்லுங்க, நான் கேக்குறேன்."

குத்திக்காட்டவில்லை, கரிசனமாகத்தான் சொன்னாள். அதுதான் இன்னும் சுட்டது. அவள் எழுந்து நிற்பதும், மண்டபம் அமைதியாவதும், கைதட்டல் கிளம்புவதும் அவர் கண்முன் ஓடின. தான் ஏமாந்த கதையைச் சொல்லிக்கூட இவள்தான் பேர் வாங்கவேண்டுமா?

"நீ ஒண்ணும் கேக்க வேணாம். நானே பேசிக்குறேன்."

அடுத்த கூட்டத்துக்கு மேலதிகாரியும் வந்திருந்தார். அதே அதிகாரி சிபாரிசைப் பார்த்துச் சிரித்து, தன் கையாலேயே மைக்கைக் கொடுத்தார். சிபாரிசு மைக்கை ஒரு தடவை தட்டிப் பார்த்தார், இன்னொரு தடவையும் தட்டினார். ஓரக்கண்ணால் பார்த்தார். தம்பி மனைவி எழுந்திருக்கத் தயாராவது போலத் தெரிந்தது. உடனே பேச்சு வந்துவிட்டது.

"கட்டிலு எரவல். வெளக்கு எரவல். நர்ஸும் எரவல். கொற இல்லேன்னு சொல்றேன்னு இவர் ரூம்ல ஒத்துக்கிட்டு வந்த என் வாய் மட்டுந்தான் சொந்தம். அத நம்பிப் போயி ஒரு பச்சப்புள்ள சாகக் கெடந்துச்சு."

யாரும் கைதட்டவில்லை. கொத்தனார் தலையைக் குனிந்துகொண்டார். மேலதிகாரி பக்கத்தில் திரும்பி, "இதுக்கு என்ன பதில் சொல்றீங்க?" என்று கேட்டார். அதிகாரி வேர்த்துப்போய், சீக்கிரமே ஏற்பாடு செய்கிறோம் என்று மென்று விழுங்கினார்.

அப்போதுதான் தம்பி மனைவி எழுந்தாள். "சீக்கிரம்னா என்னைக்கு? வரப்போறது யாரு? இங்கயே சொல்லுங்க சார், எல்லாரும் கேட்டுக்கட்டும்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. மைக்கைப் பிடித்தபடி சிபாரிசு நின்றுகொண்டிருந்தார். செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட நிம்மதி இருந்தது; கூடவே அந்தக் கைதட்டல் அவரை அறுத்தது.

விசாரணை நடந்தது. அதிகாரி வேறிடத்துக்குப் போகவில்லை. சம்பள உயர்வை நிறுத்திவைத்து, அங்கேயே இருந்து சரிசெய்யச் சொன்னார்கள். சில மாதம் இழுத்தடித்த பிறகு நிரந்தரமாக ஒரு நர்ஸ் வந்தார். ரிப்பன் இல்லாமல் கதவு திறந்தது. முதலில் அங்கே பிறந்தது ஒரு தபால்காரரின் பெண் குழந்தை. தையல்காரம்மா திறந்த ரூம் என்றுதான் ஊரில் பேச்சு. கொத்தனார் மட்டும் வீட்டுக்கு வெள்ளையடிக்க இவர் கடையிலேயே டப்பா வாங்கிக்கொண்டு போனார்.

மாத்திரைத் தட்டுப்பாடு பற்றிய கூட்டத்துக்குக் கிளம்பும்போது மனைவி சொன்னாள்: "இந்தத் தடவையாவது அவள மொதல்ல பேச விடுங்க."

"பேசட்டும், யாரு வேணாம்னா?" என்று செருப்பை மாட்டினார் சிபாரிசு. "எனக்கு அப்புறம் பேசட்டும்."