குல்ஷன் கண்ணுக்குள் இருப்பவன்

1

இந்தக் கதை என் மூக்குக்கண்ணாடியின் கால் ஒடிந்ததால் பிறந்தது. இன்னும் கௌரவமான காரணம் ஏதாவது சொல்லலாம்தான், மனசு வரவில்லை. 2006இல், மேற்குத் தாம்பரத்தில் பஸ் ஏறும்போது யாரோ ஒருவரின் முழங்கை பட்டு ஒடிந்தது. பக்கத்துச் சந்தில் இருந்த கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் மொஹ்சின், திருகாணியை முடுக்கிக்கொண்டே, "சார், கண்ணை மூடினா உங்களுக்கு எதாவது தெரியுமா?" என்று கேட்டார்.

கண் பரிசோதனையில் புதிதாக ஏதோ வந்திருக்கிறது போலும் என்று, "இருட்டுதான் தெரியும்" என்றேன்.

எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வராத குறை. (நான் கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்பது இரண்டு நிமிடம் கழித்துத் தெரிந்தது. கையை விட்டுவிட்டார்.)

கடையில் அவரை நான் பாய் என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறேன். கதைக்குள் வந்துவிட்டால் எல்லோரும் அவன், அவள்தான். பாய் மன்னிக்க வேண்டும்.

2

முதல் தொடக்கம்:

"மாலை வெயில் ஜி.எஸ்.டி. சாலையின் மீது மஞ்சள் கரைத்த தண்ணீரைப் போல மெல்ல—"

இதை மொஹ்சினிடம் படித்துக் காட்டினேன். "சரி சார், வெயிலு. அப்புறம் இன்னா ஆச்சு?" என்றான். வாரப் பத்திரிகைக் கதைகளில் இப்படிப்பட்ட பத்திகளைத் தாண்டிப் போய், யாராவது பேச ஆரம்பிக்கும் இடத்திலிருந்துதான் படிப்பானாம். பக்கத்தை நிரப்புவதற்காக எழுதுகிறார்கள் என்று நாற்பத்தோரு வயது வரை நினைத்திருக்கிறான். (என்னைப் பொறுத்தவரை அவன் நினைத்ததில் பெரிய தவறில்லை.)

இரண்டாம் தொடக்கம்:

"மொஹ்சினிடம் ஒரு குறை இருந்தது. அது—"

இதுவும் வேண்டாம். குறை என்று அவனுக்குத் தெரிந்திருந்தால்தானே? நேராக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

3

வியாபாரிகள் சங்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் மன அமைதிப் பயிற்சி நடத்தியது. முடிந்ததும் டிபன் உண்டு என்று சொன்னதால் மண்டபம் நிறைந்துவிட்டது. மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்து, எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். "நீங்க ஒரு கடற்கரையில் நிக்கறீங்க. அலை வருது. பாருங்க."

மொஹ்சின் கண்ணை மூடினான். கறுப்பு. அலை என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். கறுப்பேதான். திருட்டுத்தனமாக ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். இரும்புக்கடை அந்தோணிசாமி முதற்கொண்டு அத்தனை பேரும் முகம் மலர உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஸ்டேஷனரிக் கடை சூர்யநாராயணன்.

"சார், உங்களுக்கு நெஜமாவே அலை தெரியுதா?" என்று கிசுகிசுத்தான்.

"தெரியறதே. ஒரு நாய்கூட ஓடறது."

"நாய்னு அவரு சொல்லவே இல்லையே சார்?"

"அது தானா வந்தது."

மொஹ்சினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனக்கண், கண்ணெதிரே நிற்கிறது, நினைத்துப் பார்த்தேன்: இதையெல்லாம் பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்றுதான் இத்தனை நாளும் இருந்தான். இவர்கள் அத்தனை பேரும் உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்! அதுவும் கேட்காத நாயோடு.

டிபன் சாப்பிடாமலே வீட்டுக்கு வந்தான்.

4

வந்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மனைவியிடம் சொன்னான்.

குல்ஷன் அவனுக்கு மாமன் மகள். கணவனை இன்றைக்கும் மச்சான் என்றுதான் கூப்பிடுவாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"அப்போ, நீங்க கடையில இருக்கும்போது என் முகம் உங்களுக்கு ஞாபகம் வராதா?"

"ஏன் வராது? சிரிச்சா இடப்பக்கம் குழி விழும், வலப்பக்கம் விழாது. காதுல மூணு கல்லு தோடு. எல்லாம் தெரியும். படமா வராது, அவ்ளோதான்."

"பாஸ்போர்ட்டுல அங்க அடையாளம் எழுதற மாதிரி சொல்றீங்க."

"அப்படின்னே வெச்சிக்கோயேன்."

"துபாய்ல ரெண்டு வருஷம் இருந்தீங்களே, அப்போ?"

"போட்டோ பாப்பேன்."

"'கண்ணுக்குள்ளயே நிக்கிற'ன்னு லெட்டர் எழுதினீங்களே மச்சான்!"

"எல்லாரும் அப்படித்தான எழுதறாங்க? சும்மா ஒரு பேச்சுக்குன்னு நெனச்சேன்."

[இந்த இடத்தில் எனக்குக் குல்ஷன் மேல் சந்தேகம் வந்தது. இதற்கெல்லாமா ஒரு பெண் கோபித்துக்கொள்வாள்? கையெழுத்துப் பிரதியைப் படித்த நண்பன் கிட்டுவும், "நம்ப முடியலப்பா" என்று ஓரத்தில் எழுதித் தந்தான். குல்ஷனிடமே கேட்டேன். "அந்த லெட்டரை ரெண்டு வருஷம் தலகாணிக்கு அடியில வெச்சிருந்தேன் சார்" என்றாள். கிட்டு எழுதியதை அழித்துவிட்டேன்.]

மொஹ்சினும் சும்மா இருக்கவில்லை. "உனக்கு மட்டும் நான் தெரியறேனா?" என்றான்.

"தெரியாம? கண்ணை மூடினா போதும், வந்து நிப்பீங்க."

"எங்க, மூடு. எப்படிக் கீறேன்?"

அவள் மூடினாள். "நீலக் கட்டம் போட்ட சட்டை."

"அது கிழிஞ்சு போய் வண்டி தொடச்சோமே. முடி?"

"நெத்தியில வந்து விழுது."

மொஹ்சின் நெற்றியைத் தடவினான். அது இப்போது உச்சந்தலை வரைக்கும் போயிருந்தது. "தொப்பை?"

"ஏது தொப்பை?"

"குல்ஷன், அவன் வேற ஆளு" என்றான் மொஹ்சின்.

அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். பார்த்ததும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. பதினாலு வருஷமாக வீட்டில் சோறு தின்பவன் ஒருவன், அவள் கண்ணுக்குள் நிற்பவன் இன்னொருவன். அவனை அடிக்கவும் முடியாது, விரட்டவும் முடியாது, அவனும் மொஹ்சின்தான்.

"போ, அவங்கூடவே இரு" என்றான்.

மறுநாள் காலையில் குல்ஷன், அக்கா ஃபஹீமாவைப் பார்த்து நாளாயிற்று என்று சொல்லிவிட்டு அனகாபுத்தூருக்குப் பஸ் ஏறினாள்.

5

நான்கு நாள்.

இந்த நான்கு நாளை வர்ணிப்பதாகச் சொன்னால் மொஹ்சின் தாண்டிவிடுவான். அதனால் ஒரே ஒரு தகவல்: ஒரு வாடிக்கையாளருக்குக் கிட்டப்பார்வைக்குப் பதில் தூரப்பார்வை லென்ஸை மாட்டிக் கொடுத்தான். அவர் சந்து முனை வரை போய், பயந்து திரும்பி வந்தார்.

நான்காம் நாள் பகலில் செல்லை எடுத்துக் கூப்பிட்டான்.

"எப்ப வர்ற?"

"எதுக்கு?"

"உன்னைப் பாத்து நாலு நாள் ஆவுது."

"பர்ஸுல போட்டோ இருக்குல்ல?"

"அது பேச மாட்டேங்குது." பிறகு, கடையில் ஆள் இருப்பதையும் மறந்து சொன்னான்: "உனக்கு ஒண்ணும் பேஜார் இல்ல குல்ஷன். நெனச்ச ஒடனே அந்தப் பையன் வந்து நிக்கிறான். எனக்கு யாரு கீறா? நீ நேர்ல வந்தாத்தான் உண்டு."

லைன் போய்விட்டதென நினைத்து ஹலோ ஹலோ என்று கத்தினான். ஃபஹீமாதான் பேசினாள்: "கத்தாதீங்க. அவ மூஞ்சி கழுவப் போயிருக்கா."

6

இங்கிருந்து கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. மொஹ்சின் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு அனகாபுத்தூர் போகிறான், அங்கே ஆற்றங்கரையில்— (நிறுத்தினேன். "அன்னிக்கி கடையில கூட்டம் சார், எங்கயும் போகல" என்றான்.)

ஆ. ஒரு நாள் திடீரென்று அவனுக்குக் குல்ஷன் முகம் படமாகத் தெரிந்துவிடுகிறது. (இதற்கு அவன் நிஜமாகவே கோபித்துக்கொண்டான். "அப்படி வந்தாத்தான் பாசம்னு அர்த்தமா சார்?" அந்த முடிவை அடித்துவிட்டேன்.)

நடந்தது இதுதான். ஐந்தாம் நாள் காலையில் குல்ஷன் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகாமல் பையோடு நேராகக் கடைக்கு வந்தாள். கண் பரிசோதனை நாற்காலியில் ஏசுபாதம் என்ற தபால்காரர் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, அஞ்சு நிமிஷம்" என்று அவரை எழுப்பிவிட்டு அதில் உட்கார்ந்தாள்.

"மச்சான், அந்தச் செவுத்தாண்ட போய் நில்லுங்க. அசையாதீங்க."

மொஹ்சின் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றான். அவள் பலகையைப் படிப்பதுபோல அவனை மேலிருந்து கீழே, வரி வரியாகப் பார்த்தாள். மெதுவாக. அவன் வயிற்றை எக்கினான்.

"விடுங்க. இருக்கறபடியே இருங்க."

விட்டான். பார்த்து முடித்தபின் அவள் கண்களை இறுக்க மூடிக்கொண்டாள். ஏசுபாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

"யாரு வந்தான்?" என்றான் மொஹ்சின்.

7

குல்ஷன் பதில் சொன்னாள். ஆனால் கண்ணைத் திறக்காமலே, அவனைக் கிட்டே கூப்பிட்டுக் காதோடு சொன்னாள். இரண்டு பேரும் எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஏசுபாதத்துக்குக் கேட்கவில்லை, எனக்கும் மேல் அவருக்கு வருத்தம்.

நானே ஒன்றை எழுதியிருப்பேன். ஆனால் ஒரு சிக்கல். முதல் வரியிலிருந்து திரும்பப் படித்துப் பாருங்கள்: மொஹ்சினின் மூக்கைப் பற்றி, கண்களைப் பற்றி, அவன் நிறத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. இருந்தும் உங்களிடம் ஒரு மொஹ்சின் இருக்கிறான். அவனை நான் கொடுக்கவில்லை. சூர்யநாராயணனின் நாயைப் போலத் தானாக வந்தவன். நான் எழுதும் பதில் அவனுக்குப் பொருந்தாமல் போகலாம். யாரும் வரவில்லை என்றாலும் பாதகமில்லை, மொஹ்சினிடம் சொல்லுங்கள். இந்த முறை கையை விடமாட்டான்.

வந்திருந்தால், அவனையே அந்தச் சுவரோரம் நிற்கவையுங்கள். குல்ஷன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.